தேயாத டயர்

அவளை ஏமாற்றுவது கொஞ்சம் சிரமமான காரியம். முயன்று பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர். வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர் வேலை. அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, அது எப்படி அடிபட்டது, எவ்வளவு கொடுக்கலாம், கொடுக்கலாமா கூடாதா என்று எழுதித் தருவதுதான் அவள் பிழைப்பு. ஒர்க்‌ஷாப்களில் நேருக்கு நேர் "சர்வேயரம்மா" என்பார்கள். முதுகு திரும்பியதும் "எக்ஸ்ரே" என்பார்கள். இரண்டுமே அவளுக்குத் தெரியும். இரண்டாவதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருமுறை ஒரு கார்க்காரர், ஓரமாக நிறுத்தி வைத்திருந்த வண்டியில் எவனோ வந்து இடித்துவிட்டு ஓடிவிட்டான் என்று அழாத குறையாகச் சொன்னார். அவள் பின்பக்கத்து பிரேக் விளக்கைக் கழற்றச் சொல்லி, பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எரிகிற நேரத்தில் அடிபட்டால் உள்ளே இருக்கும் கம்பி இளகி நீண்டு தொங்கும். அணைந்திருக்கும்போது அடிபட்டால் தொங்காது. இது தொங்கிக்கொண்டிருந்தது. "நிறுத்தி வச்ச வண்டியில பிரேக்கை யாருங்க மிதிச்சுக்கிட்டு இருந்தா?" என்று மட்டும் கேட்டாள். கார்க்காரர் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், கடைசியில் இந்த யோசனையைச் சொன்ன தன் மச்சானைத் திட்ட ஆரம்பித்தார்.

இந்தப் புத்தியைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைய முடியுமா என்ன? விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் காய்ச்சல் என்று போன் செய்தால், தெர்மாமீட்டரைப் படம் எடுத்து அனுப்பு என்பாள். தங்கை "சும்மாதான்க்கா கூப்பிட்டேன்" என்றால், எவ்வளவு வேண்டும் என்று கேட்பாள். தங்கை கோபித்துக்கொள்வாள், பிறகு தொகையைச் சொல்வாள்.

அந்த வீட்டில் அவள் சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான். அவள் கணவர். சந்தேகப்படும் அளவுக்கு அவரிடம் எதுவும் இருந்ததில்லை. பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் சின்ன லேப், ஒரு கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. ஈறு செய்கிற பொருளை ராவி ராவி அவர் சட்டைக் கைகளில் எப்போதும் ரோஸ் நிறத் தூள் ஒட்டியிருக்கும். பேச்சு குறைவு. தொழிலைப் பற்றி மட்டும் கேட்டால் கொஞ்சம் பேசுவார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரிசையா வச்சா பொய்ப்பல்லுன்னு உடனே தெரிஞ்சிடும். ஒண்ணை லேசாத் திருப்பி வைக்கணும், ஒண்ணை லேசாத் தேய்க்கணும். அப்பத்தான் சொந்தப் பல்லு மாதிரி இருக்கும்" என்பார். இதைக் கல்யாணமான புதிதில் கேட்டபோது, இந்த ஆளும் ஒரு வகையில் போலி தயாரிப்பவர்தானே என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. அதை அப்போதே மன்னித்துவிட்டாள்.

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. லேப்புக்குக் கீழே இருந்த மருந்துக்கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்துக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒரு களை இருந்தது.

"போட்டி எல்லாம் இல்ல. ஒரு நாளைக்குன்னு பணம் கட்டினா தடத்துல நாம பாட்டுக்கு ஓட்டலாம். எதிர்ல வண்டி வராது, குறுக்க யாரும் வர மாட்டாங்க" என்றார்.

"சும்மா சுத்தி வர்றதுக்கா பணம்?"

"சும்மாதான். ஆனா வேகமா."

அவளுக்கு அந்தத் தடத்தைப் பற்றி முன்பே தெரியும். அங்கே விழுந்த ஒருவன், ரோட்டில் விழுந்ததாகச் சொல்லி இன்சூரன்ஸ் கேட்டு வந்திருந்தான். தடத்தில் விழுந்தால் பாலிசி செல்லாது. அவள் டயரைப் பார்த்தாள். சூட்டில் ரப்பர் உருகி, ஓரத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டிருந்தது. அந்தத் தடம் வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போகிறது என்பதால், வலது ஓரம் இடது ஓரத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது. எந்த ரோட்டிலும் டயர் அப்படித் தேயாது. அந்தக் கோப்பை அவள் சிரித்துக்கொண்டே மூடினாள்.

ஆகவே கணவரை உட்கார வைத்து அவளே பட்ஜெட் போட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் இதுவரை தனக்கென்று எதையும் கேட்டதில்லை என்பது அவளுக்கு உறுத்தியது. ஆனால் கணக்கில் உறுதி. முதல் விதி, வண்டி நொறுங்கினாலும் குடும்பம் நொறுங்கக் கூடாது. அதனால் புது வண்டி கிடையாது. அடிபட்ட வண்டிகளை ஏலம் விடும் இடத்தில், அதுவும் தன் கம்பெனி ஏலம் வேண்டாமென்று வேறொரு கம்பெனியின் ஏலத்தில், பிரேம் வளையாத ஒரு பழைய வண்டியை அவளே தேர்ந்தெடுத்தாள். பிறகு நுழைவுப் பணம், வண்டியை ஏற்றிப் போகும் வேனில் மருந்துக்கடைக்காரரோடு பாதிப் பங்கு, பெட்ரோல், பிரேக் கட்டை, பழைய தோல் உடுப்பு. எல்லாவற்றிலும் வயிற்றெரிச்சல் டயர்தான். ஒரு ஜோடி டயர் ஏறக்குறைய ஒரு மாத வீட்டு வாடகை. அது மூன்று நான்கு தடவை போய் வந்தால் தீர்ந்துவிடும். கடைசியாக விழுகைப் பணம் என்று ஒரு தொகை. "விழ மாட்டேன்" என்றார் அவர். "எல்லாரும் அப்படித்தான் எங்கிட்ட சொல்றாங்க" என்றாள் அவள்.

முதல் வருடம் செலவு ஒருமுறைகூடப் பட்ஜெட்டுக்குள் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தலையைச் சொறிந்துகொண்டு வருவார். கையுறை கிழிந்துவிட்டது என்பார், செயின் போய்விட்டது என்பார். அவள் திட்டுவாள், திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள். அவரும் நல்ல பிள்ளையாக வாங்கிக்கொள்வார். உண்மையைச் சொன்னால் அந்த வருடம் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

பிறகு அவர் விழுந்தார். மூன்றாவது வளைவு. காறை எலும்பு முறிந்து, கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் வண்டியை இறக்கி வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவள் முதலில் வண்டியைச் சுற்றி வந்தாள். ஹாண்டில் வளைந்த திசையைப் பார்த்தாள், கீறல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து கேட்டாள்.

"எந்த கியர்ல இருந்தீங்க?"

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு" என்றார்.

"பிரேக் முதல்ல முன்னாடியா, பின்னாடியா? பக்கத்துல யாராவது இருந்தாங்களா? யாரு பாத்தாங்க?"

எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓட்டுநர் கவனக்குறைவு. வண்டி மேல தப்பில்ல" என்று தீர்ப்பும் சொன்னாள். பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். அவரும் சிரிக்கத்தான் செய்தார். விழுகைப் பணத்தை எடுத்து வண்டியைச் சரி பண்ணினார்கள். புது டயர் ஒரு ஜோடி போட்டார்கள். எலும்பு கூடியதும், மறுபடி போகிறேன் என்றார். அவளும் சரி என்றாள்.

சந்தேகம் அதன் பிறகுதான் முளைத்தது. விழுந்து எழுந்த பிறகு அவர் முதல் தடவை போய் வந்த அன்று, மேசை மேல் கொஞ்சம் பணத்தை வைத்தார்.

"என்ன இது?"

"மிச்சம்" என்றார்.

பொழுதுபோக்கில் மிச்சம் பிடிக்கிற மனிதனை அவள் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அடுத்த தடவையும் மிச்சம் வந்தது. அதற்கடுத்த தடவை, கொடுத்தது கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வந்தது. நுழைவுப் பணத்தில் சலுகை என்றார். வேன் வாடகையை மருந்துக்கடைக்காரரே கட்டிவிட்டார் என்றார். மருந்துக்கடைக்காரரா? காகிதப் பைக்குக்கூடத் தனியாகக் காசு வாங்குகிற ஆள் அவர்.

வேறு எந்த வீட்டிலாவது புருஷன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி வைத்திருப்பார்கள். இவளுக்கு மூக்கு வியர்த்தது. பணம் போனால் எங்கே போனது என்று தேடலாம். போக வேண்டிய பணம் போகாமல் இருந்தால்? ஒன்று, அவருக்காக வேறு யாரோ செலவு செய்கிறார்கள். இல்லாவிட்டால், அவர் தடத்துக்கே போகவில்லை. தங்கையிடம் போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, ஆம்பளைங்க செலவுக்குக் குடுத்த காசை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்தா ஒண்ணு சாமியாராப் போகப் போறாங்க, இல்ல..." என்று தங்கை இழுத்தாள்.

"இல்ல?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. உனக்குத் தெரியாததா?"

அன்றிலிருந்து அவள் கணவரை ஒரு வண்டியைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தாள். தடத்துக்குப் போய் வந்த தோல் உடுப்பை முகர்ந்து பார்த்தாள். முன்பெல்லாம் பக்கத்தில் போக முடியாது, இப்போது வியர்வை வாசனையே இல்லை. முகமும் புறங்கையும் மட்டும் வெயிலில் கறுத்திருந்தன. தலைக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவருக்கு முகமும் கையும் எப்படிக் கறுக்கும்? மருந்துக்கடைக்குப் போய் இருமல் மாத்திரை வாங்குகிற சாக்கில், "எப்படி ஓட்டறார் எங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டாள். கடைக்காரர் மாத்திரைகளை ஒரு தடவை எண்ணி, மறுபடி எண்ணி, "நல்லா ஓட்டறார்ங்க" என்று மாத்திரைகளிடம் சொன்னார்.

பிறகு டயரைப் பார்த்தாள். போட்டபோது இருந்த மாதிரியே இருந்தது. ஓரத்தில் ஒரு கீறல் இல்லை. புது டயர் ரப்பரில் இருக்கும் சின்ன முடிகள்கூட உதிரவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, "டயர் இன்னும் புதுசாவே இருக்கே" என்றாள். சும்மா சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "இது நல்ல கம்பெனி டயர்" என்றார். தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

அடுத்த தடவை போய் வந்தபோது டயர் தேய்ந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். வலது ஓரம், இடது ஓரம், இரண்டும் அளவெடுத்தாற்போல ஒரே அகலம். உருண்டைகள் எதுவும் இல்லை. விரலை வைத்து எடுத்தால் மாவுபோல் கறுப்புத் தூள் ஒட்டியது. பல்லை மெருகேற்றும் கிரைண்டரால் ராவியது. சந்தேகமே வேண்டாம். துவைக்கப் போட்ட சட்டையின் கையில் இந்தத் தடவை ரோஸ் தூளோடு கறுப்புத் தூளும் இருந்தது. அடுத்தவர் வாயில் வைக்கும் பல்லைக்கூட லேசாகக் கோணலாக வைத்து நிஜம்போல் காட்டுகிறவர், தன் பெண்டாட்டிக்கு என்று ஒரு பொய் செய்யும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி செய்து வைத்திருக்கிறார். அவ்வளவு பதற்றம்.

அவளுக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதன் டயரை ராவுகிற அளவுக்குப் போயிருக்கிறான் என்றால், மறைப்பது சின்ன விஷயமாக இருக்க முடியாது. இத்தனை வருட வாழ்க்கையில் அவள் சாய்ந்து உட்கார்ந்த ஒரே சுவர் அவர்தான். அதுவும் விரிசல் விட்டால் எங்கே போவாள்? கையும் களவுமாகப் பிடிக்காமல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

அடுத்த தடவை அவர் வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும், இவள் பஸ் பிடித்தாள். வெளியூரில் ஒரு லாரியைப் பார்க்கப் போவதாக அவரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தாள். வழியெல்லாம் ஒரு கேள்விதான். மருந்துக்கடைக்காரரின் வேன் அங்கே இருக்குமா, இருக்காதா?

வேன் இருந்தது. அதைப் பார்த்ததும் நிம்மதி வர வேண்டும், வரவில்லை. காதைப் பிளக்கும் சத்தம். பெட்ரோலும் கருகிய ரப்பரும் கலந்த நாற்றம். ஷெட்டில் தோல் உடுப்பின் மேல்பாதியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்கள் கையை வளைத்து வளைத்து எதையோ விவரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும், முதல் நாள் கணவர் முகத்தில் பார்த்த அதே களை. அவரை மட்டும் காணவில்லை.

ஆரஞ்சு சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒரு அம்மா வந்தார். அறுபதைத் தொட்ட வயது, முதுகு நேராக இருந்தது. எல்லாரும் "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம், இங்கே கொடி காட்டுகிறவர்களுக்குத் தலைவி.

"யாரைப் பாக்கணும்மா?"

"என் தம்பி வண்டி வாங்கப் போறேங்கறான். எப்படிப்பட்ட இடம்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள் அவள். பொய் அவள் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அவளே கொஞ்சம் அசந்துபோனாள்.

டீச்சர் சந்தோஷமாகச் சுற்றிக் காட்டினார். ஷெட்டின் கடைசி மூலையில் ஒரு வண்டி தனியாக, போர்வை போர்த்தி நின்றிருந்தது. சலவைக்காரர் தொலைத்துவிட்டார் என்று அவள் சண்டை போட்ட அவள் வீட்டுப் போர்வை.

"இது ஏன் ஓடாம நிக்குது?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாக வந்தது.

"அதுவா, அது சும்மா வந்துட்டுப் போகும். பல்லுக்காரரோடது. பல்லு செட் செய்வாராம், நல்ல மனுஷன். போன வருஷம் இங்க விழுந்தாரு. கை சரியானப்புறம் உடுப்பெல்லாம் மாட்டிக்கிட்டு வரிசையில வந்து நின்னாரு. பச்சைக் கொடி காட்டறேன், ஆளு நகரல. கை அப்படி நடுங்குது. வண்டிய அப்படியே தள்ளிக்கிட்டுத் திரும்பி வந்துட்டாரு. அடுத்த தடவையும் அதே கதை. நானும் ஒண்ணும் கேக்கல. அப்புறம் அவரே வந்து, 'டீச்சர், எனக்கு ஒரு கொடி குடுங்க'ன்னாரு."

"அப்ப வண்டிய எதுக்குத் தூக்கிட்டு வர்றாரு?"

"வீட்ல தெரியக் கூடாதாம். வீட்டம்மா இன்சூரன்ஸ்ல பெரிய ஆளாம். எதையும் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவாங்களாம். ரொம்பப் பெருமையாத்தான் சொல்லுவாரு." டீச்சர் போர்வையின் நுனியை இழுத்துச் சரி செய்தார். "கொடி காட்டறவங்களுக்கு நுழைவுப் பணம் கிடையாது, சாப்பாடும் நாங்களே குடுத்துடுவோம். மருந்துக்கடைக்காரர்கூட, ஓட்டாத ஆளுகிட்ட எப்படி வாங்கறதுன்னு வேன் பங்கை வாங்கறதில்ல. அந்தக் காசையெல்லாம் அப்படியே கொண்டுபோய் வீட்ல குடுத்துடறாராம். பொய்யும் சொல்லிக்கிட்டு காசையும் திருப்பிக் குடுக்கற ஆளை நான் இப்பத்தாம்மா பாக்கறேன்."

"அவர் எங்க நிக்கறாரு?" என்றாள்.

"மூணாவது வளைவு. அவர் விழுந்த அதே இடம். கேட்டு வாங்கிக்கிட்டாரு."

வேலி ஓரமாக நடந்து போய், சற்றுத் தள்ளி ஒரு தூண் பக்கம் நின்றாள். அவர் ஆரஞ்சு சட்டையில், வெயிலில், கையில் சுருட்டிய மஞ்சள் கொடியோடு நின்றுகொண்டிருந்தார். வண்டிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து திரும்பிப் போயின. ஒவ்வொரு வண்டிக்கும் அவர் உடம்பும் ஒரு கடுகளவு சாய்ந்து நிமிர்ந்தது. அது அவருக்கே தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஒருவன் விழுந்தான். வண்டி தனியே சறுக்கிக்கொண்டு போய்ப் புல்லில் புரண்டது, ஆள் தனியே உருண்டான். அவள் கண் பழக்கதோஷத்தில் வண்டியின் பின்னால் போனது. எந்தப் பக்கம் முதலில் தரையில் பட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடியைப் பக்கத்தில் இருந்தவரிடம் திணித்துவிட்டு, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, விசில் வரும்வரை காத்திருந்து, ஓடினார். வீட்டில் மெதுவாக நடக்கிற மனிதர் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. விழுந்தவன் பக்கத்தில் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தார். எழுப்பவில்லை, எதையும் கழற்றவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் வாய் அசையவே இல்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தொட்டில் கட்டிய கையோடு அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று அவர் கையை யார் பிடித்தார்கள்? அவள் பிடிக்கவில்லை. அவள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டாளா? எவ்வளவு யோசித்தும் கேட்டதாக ஞாபகம் இல்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. டீச்சரிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ்ஸுக்கு நடந்தாள்.

சாயங்காலம் அவர் வந்தார். வண்டியை இறக்கி முன்னறையில் நிறுத்தினார். முகம் கழுவிக்கொண்டு, மிச்சப் பணத்தை மேசை மேல் வைத்தார்.

"லாரி என்னாச்சு?" என்று கேட்டார்.

"பாத்தாச்சு. உங்களுக்கு எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு. ஒருத்தர் விழுந்துட்டாரு, மூணாவது வளைவுல. நான் பின்னால வந்துக்கிட்டிருந்தேன். ஒண்ணும் ஆகல அவருக்கு, மணிக்கட்டு மட்டும் பிசகிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "டயர் தேஞ்சுடுச்சு. அடுத்த தடவைக்குள்ள மாத்தணும்."

அவள் எழுந்துபோய் வண்டி அருகில் தரையில் உட்கார்ந்தாள். அவர் துண்டைத் தோளில் போட்டபடி நின்றார். இந்த இடத்தில் அவள் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாகத் தயாராக இருந்தன. ஒர்க்‌ஷாப்பில் என்றால் இந்நேரம் எதிராளி மச்சானைத் திட்ட ஆரம்பித்திருப்பான். பிடிபட்டவனைப் பார்க்கும்போது வழக்கமாக வரும் அந்தச் சின்ன சந்தோஷத்துக்காக ஒரு கணம் காத்துப் பார்த்தாள். அது வரவில்லை.

"அந்தத் தடத்துல வலது வளைவுதான் ஜாஸ்தி. இடது பக்கத்தை நீங்க இவ்வளவு ராவியிருக்கக் கூடாது" என்றாள்.

அவர் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து தெரியும்?"

அதற்கு அவளிடம் நீளமான பதில் இருந்தது. மிச்சம், வியர்வை, கறுப்புத் தூள், போர்வை என்று அடுக்கியிருக்கலாம். அடுக்கவில்லை. அவர் காறை எலும்பில் கூடிய இடத்தில் இருந்த சின்ன முண்டின் மேல் கையை வைத்தாள்.

"அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?"

அவர் தலை குனிந்தே இருந்தது. "வலி பரவாயில்ல" என்றார். மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "எந்த கியர்னு நீ கேட்டல்ல? எனக்கு ஞாபகம் இல்ல. வளைவுக்குள்ள போனது தெரியும், புல்லுல கிடந்தது தெரியும். நடுவுல எதுவுமே இல்ல. எப்படி விழுந்தேன்னே தெரியாம மறுபடி எப்படி ஏறறது? ஆனா நீ கேட்டே. ஏதாவது சொல்லணுமேன்னு மூணுன்னு சொன்னேன். அப்புறம் எல்லாமே சொல்லிக்கிட்டே போக வேண்டியதாப் போச்சு."

தன் வேலையில் அவள் ஒருநாளும் ஏற்றுக்கொள்ளாத பதில் ஒன்று உண்டு. தெரியாது என்று சொல்கிறவனை அவள் விட்டதே இல்லை. வேறு வேறு விதமாகக் கேட்டு, ஏதோ ஒரு பதிலை வாங்காமல் கோப்பை மூடமாட்டாள். அந்த வாங்கின பதில்களில் எத்தனை இவர் சொன்ன மூன்றைப் போன்றவையோ என்று இப்போது நினைத்தாள்.

"சரி" என்றாள். "தெரியாதுன்னே இருக்கட்டும்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவள் எதுவும் கேட்கவில்லை.